காற்று முன்னே, சுற்று பின்னே

ரசமட்டம் அந்த வீட்டை அடைந்தபோது மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து இறங்கும் குழாய்க்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை போலும். அது இன்னமும் சொட்டிக்கொண்டிருந்தது. பிற்பகல்தான் என்றாலும், மேகம் தெருவின்மேல் கவிழ்த்த பாத்திரம்போல் கிடந்ததால் எதிர்வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

ரசமட்டம் என்பது அவர் பெயரன்று. தளம் சாய்ந்திருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி ஓடுமே, அந்தக் கருவியின் பெயர். பழைய இசைத்தட்டுக் கருவிகளைச் செப்பனிடுவது அவர் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தோல்பையைத் திறந்து, கம்பளித் துணியில் சுற்றிய ரசமட்டம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார். குமிழி நடுக்கோட்டில் நிற்கவில்லையென்றால் அந்த வீட்டாரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். குமிழி நின்ற வீடுகள் மிகச் சில. அவர் மதித்த மனிதர்கள் அவற்றினும் சிலர்.

அழைப்புமணியின் பித்தான் கோணலாகப் பதிக்கப்பட்டிருந்தது. அதைத் தொட மனமின்றிக் கதவைத் தட்டினார்.

திறந்தவள் அந்த வீட்டு மகள். நாற்பதைக் கடந்தவள், தூக்கம் போதாத கண்கள். அவளுக்குப் பின்னால் அவள் கணவன் எதையோ மென்றபடி நின்றான்.

"வாங்க சார். வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துதா?"

"வழி நேராத்தான் இருந்தது. உங்க வாசப்படிதான் ஒரு பக்கம் இறங்கியிருக்கு."

"அது நான் மாப்பிள்ளையா வந்த அன்னிக்கே இறங்கித்தான் சார் இருந்தது," என்றான் கணவன். "மாமனார் வீட்டுல எதையும் நிமித்துற வேலை நான் வெச்சுக்கல."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கும் இனத்தைச் சேர்ந்தவன் என்று ரசமட்டம் அவனை வகைப்படுத்தி முடித்தார்.

முன்னறையின் ஜன்னல்களைக் கனத்த திரைகள் மூடியிருந்தன. தரைவிரிப்பு காலடியோசையை விழுங்கியது. சுவர்களை மறைத்து நின்ற இசைத்தட்டு அலமாரிகள் எஞ்சிய ஓசையை விழுங்கின. பழைய அட்டையின் வாசனை. அதற்கடியில், இன்னும் வெளியேறாத மருந்தின் வாசனை. ஒரு மூலையில், மெத்தை சுருட்டப்பட்ட கட்டில். கட்டிலருகே நோயாளிகளுக்கு மூச்சுக்காற்றுத் தரும் யந்திரம்; மூக்கில் பொருத்தும் மெல்லிய குழாய் அதன் தலைமேலேயே சுருண்டு கிடந்தது. எதிர்ச்சுவரோரம், கருங்கல் பலகையின்மேல், அவர் பார்க்க வந்த பொருள்.

அதைக் கண்டதும் அவர் முகத்தில், மரியாதை என்று ஏறக்குறையச் சொல்லத்தக்க ஒன்று தோன்றியது.

இசைத்தட்டைத் தாங்கிச் சுழல, ஒருவர் தனியே தூக்கத் திணறும் கனத்தில் ஓர் உலோகத் தட்டு. அது எதன்மேலும் உட்காருவதில்லை. பின்னறையிலிருக்கும் பம்ப், சுவரைத் துளைத்து வரும் குழாய் வழியே காற்றை அனுப்பும். அக்காற்று தட்டுக்கும் அதன் பீடத்துக்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய ஏடாகப் பரவும். அந்த ஏட்டின்மேல் தட்டு மிதக்கும். மிதக்கும் தட்டைச் சுண்டுவிரலால் சுற்றலாம். காற்றில்லாத தட்டைச் சுற்றினாலோ, கண்ணாடிபோல் மெருகேறிய இரண்டு முகங்களும் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். அதன்பின் அதைக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை மூடலாம்.

"இதை யாராவது தொட்டீங்களா?"

"தொடல சார்," என்றான் கணவன். "சுத்த மாட்டேன்னுச்சு. கொஞ்சம் எண்ணெய் விட்டேன்."

ரசமட்டம் குனிந்து தட்டின் விளிம்பை முகர்ந்தார்.

"எண்ணெய்."

"தையல் மிஷினுக்கு விடுறதுதான் சார். நல்ல எண்ணெய்."

"இதுக்குக் காத்துதான் எண்ணெய். நீங்க மீனுக்குக் குடை பிடிச்சிருக்கீங்க."

கணவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான் போலும். "அடியில காத்து, மேல கருப்புத் தட்டு. காத்து கருப்புன்னு சும்மாவா சொன்னாங்க," என்று சொல்லிச் சிரித்தான்.

ச்சு.

நாக்கின் நுனியை மேற்பல்லுக்குப் பின்னால் ஒட்டிச் சட்டென்று பிரிக்கும் ஒலி. இரக்கத்துக்கும் ஏளனத்துக்கும் மனிதர் இந்த ஒலியையே கையாளுகிறார்கள் என்றாலும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. இரக்கத்தின் 'ச்சு' இரட்டிக்கும், நீளும். ஏளனத்தின் 'ச்சு' ஒன்றே ஒன்று. அதற்குமேல் செலவிட எதிராளிக்குத் தகுதியில்லை என்பதே அதன் பொருள்.

கேட்டது ஒன்றுதான்.

ரசமட்டம் திரும்பினார். கணவனின் வாய் நிறைந்திருந்தது. அந்த வாயால் அந்த ஒலியை எழுப்ப இயலாது. மகள் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பம்ப் சத்தமா இருக்கும் சார்," என்றாள்.

"பம்ப் ஓடல."

"ஆமா," என்றாள் அவள். "ஓடல."

*

கணவனைத் தேநீர் போடச் சொல்லி அனுப்பியபின்தான் அவள் அவரை அழைத்த காரணத்தைச் சொன்னாள்.

"நாளைக்குக் காலைல அண்ணன் வரான் சார், இதை எடுத்துட்டுப் போக. அதுக்குள்ள இது ஓடணும்."

"ஓடாத மிஷினை அவர் வாங்க மாட்டாரா?"

"'அப்பாவைத்தான் கொன்னே, அவர் மிஷினையுமா'ன்னு கேப்பான்."

காய்கறி வாடிவிட்டது என்று சொல்வதைப்போல அதைச் சொன்னாள். பல தடவை கேட்டுத் தழும்பேறிய சொற்கள் அப்படித்தான் வரும்.

ரசமட்டம் தட்டின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறர் குடும்பக் கதைகளில் அவருக்கு ஆர்வம் கிடையாது. ஆனால் ஒரு கருவி எப்படிக் கெட்டது என்பது வீட்டாரிடமிருந்தன்றி வேறு எவரிடமிருந்தும் வராது.

பெரியவருக்கு நுரையீரல் பழுது. கடைசி மாதங்களில் இந்த அறையிலேயே கட்டிலைப் போட்டு, மூச்சு யந்திரத்தோடு கிடந்தார். யந்திரத்துக்கு ஒரு முனகல் உண்டு. இசைத்தட்டின் மெல்லிய இடங்களை அந்த முனகல் கெடுக்கிறது என்பது அவர் புகார். ஆகையால் தட்டைப் போடும்போதெல்லாம் யந்திரத்தை நிறுத்திவிட்டு, மூக்குக்குழாயைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, ஒரு பக்கம் முழுதும் கேட்பார்.

"வேண்டாம்பான்னு சொல்லிப் பார்த்தேன் சார். அதுக்கு..."

"ச்சு."

"ஆமா." அவள் வியப்படையவில்லை. "அப்பா யாரையும் திட்டினதே இல்ல. அந்த ஒண்ணுதான். நான் மார்க் வாங்கினா ஒரு ச்சு. கல்யாணம் பண்ணிக்கிட்டா ஒரு ச்சு."

"மாப்பிள்ளையைப் பார்த்தேன். ரெண்டாவது நியாயம்தான்."

அவளையும் மீறி ஒரு சிரிப்பு வந்து, வந்த வழியே போயிற்று.

"அன்னிக்கும் தட்டுப் போட்டார். நான் பக்கத்து ரூம்ல படுத்துட்டேன். பாட்டு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல ச்சுன்னு ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. விட்டு விட்டு வந்துட்டே இருந்தது. இன்னிக்கு என்ன பிடிக்கலையோன்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். காலைல பார்த்தா, இதோ இந்தக் கல்லுக்குக் கீழே தரையில கிடந்தார். மூச்சு மிஷின் ஆஃப் ஆகியிருந்தது. 'சத்தம் தாங்காம நீதான் ஆஃப் பண்ணிட்டுப் படுத்தே'ன்னு அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். இல்லைன்னு காட்ட எங்கிட்ட என்ன இருக்கு?"

ரசமட்டம் துணியை மடித்தார். "காலைல பார்த்தப்ப இந்த மிஷின் எப்படி இருந்தது? மோட்டார்?"

"மோட்டார் ஸ்விட்ச் ஆஃப். பின் ரூம்ல பம்ப் மட்டும் ஓடிட்டே இருந்தது. குழாய் ஒரு முனைல கழண்டு கிடந்தது, செருகிப் பார்த்தும் காத்து வரல."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"அந்த வரிசை தப்பாது சார். எழுத்து கத்துக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் கத்துக்குடுத்தார்." குழந்தைப் பாட்டுப்போல் ஒப்பித்தாள்: "காத்து முன்னே, சுத்து பின்னே. நிறுத்தும்போது சுத்து முன்னே, காத்து பின்னே. சுத்துற தட்டுல கை வைக்காதே கண்ணே."

"கடைசி வரி அநாவசியம். எதுகைக்காகச் சேர்த்தது," என்றார் ரசமட்டம். ஆனாலும் அந்தப் பெரியவரைப் பற்றிய அவர் மதிப்பு சிறிது உயர்ந்தது. அவர் வைத்துப் பார்த்ததில் குமிழி நடுக்கோட்டில் நின்ற இடம், அந்த வீட்டில் அந்தக் கருங்கல் ஒன்றுதான்.

*

பின்னறை குறுகலானது. உடைந்த நாற்காலி, பெயின்ட் டப்பாக்கள், ஈரச் சுவர். பம்ப்பைத் திறந்ததும் பழுது தெரிந்தது: மேலும் கீழும் துடித்துக் காற்றைத் தள்ளவேண்டிய ரப்பர்ச் சவ்வு நடுவில் கிழிந்திருந்தது. வால்வுக்குள் இருக்கும் இரண்டு ரப்பர் நாக்குகளில் ஒன்று தேய்ந்து மடங்கியிருந்தது.

"நாக்கு சரியில்ல. சத்தம் அதான்," என்று அறிவித்தார். ஓடாத பம்ப்பின் நாக்கு எப்படிச் சத்தமிடும் என்ற கேள்வியை அவர் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை. மடையர்கள் கேட்கக்கூடிய கேள்வி அது.

"இந்த வீட்டுல எப்பவும் நாக்குதான் சார் பிரச்சினை," என்றான் தேநீர்க் கோப்பையோடு வந்த கணவன்.

புதுச் சவ்வு, புது நாக்குகள். அதிர்வு சுவருக்குப் போகாதபடி பம்ப்பின் அடியில் ரப்பர்த் துண்டுகள். துடிப்போடு வரும் காற்றைச் சமப்படுத்த இடையில் ஏற்கெனவே ஒரு பெரிய கண்ணாடிச் சீசா இருந்தது. அதையடுத்து, சுவருக்கு முன்னறைப் பக்கம், ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த குப்பி. உலர்ந்திருக்கும்வரை நீலமாயிருக்கும் அம்மணிகள், நனைந்தால் வெளிறிச் சிவக்கும். பழையன யாவும் சிவந்திருந்தன. கொட்டிவிட்டுப் புதிய நீல மணிகளை நிரப்பினார்.

பிறகு குப்பியிலிருந்து பீடத்துக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயைக் கழற்றி எடுத்தார். உள்ளே நீர்த்துளிகள்.

மழைக்காலம், என்று நினைத்துக்கொண்டு ஸ்பிரிட் நனைத்த துணியை உள்ளே செலுத்தி, உலரும்வரை ஊதித் துடைத்து, கல்மேல் நீட்டி வைத்தார். தட்டின் அடிப்பக்கத்துக்குப் போனார். அவரும் மகளுமாகத் தட்டைத் தூக்கி, மரக்கட்டைகள்மேல் சாய்த்து நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் எண்ணெய் பிசினாகியிருந்தது. அதைக் கரைத்தெடுக்க நெடுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவன் வாசற்புறம் செல்பேசியில், "மெக்கானிக் வந்திருக்கார், நான் கூட இருந்து பார்த்துக்கறேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

காற்று வெளிவரும் நுண்துளைகளைப் பார்க்க, கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி ஒன்று அவரிடம் உண்டு. அதைப் பீடத்தின் துளையருகே பிடித்தார்.

கண்ணாடி மங்கியது.

துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். தெளிந்திருந்த கண்ணாடியில், துளைக்கு நேரே, ஒரு காசளவு ஆவி படர்ந்தது, சுருங்கியது, படர்ந்தது.

பம்ப் ஓடவில்லை. குழாய் கழற்றிக் கிடந்தது.

அவர் குழாயைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே மீண்டும் நீர்த்துளிகள். இம்முறை குழாய் இளஞ்சூடாக இருந்தது.

"என்ன சார்?" என்றாள் மகள், தணிந்த குரலில்.

"ஒண்ணுமில்ல. ஈரம்."

பார்க்கவேண்டியதைப் பார்ப்போம் என்று, கண்ணாடியைச் சாய்த்து மெருகு முகத்தை ஆராய்ந்தார். அங்கேதான் அவர் கை நின்றது.

கீறல் இல்லை.

சவ்வு கிழியும்போது பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற பம்ப்பில் சவ்வு கிழியாது. மோட்டாரைப் பெரியவர் முறைப்படி நிறுத்தியிருக்கிறார். ஆனால் மோட்டார் நின்றாலும் இந்தத் தட்டு நிற்பதில்லை. உரசல் இல்லாததால் தன் கனத்திலேயே நெடுநேரம் சுழலும். அந்த நேரத்தில் காற்று நின்றிருந்தால் தட்டு இறங்கியிருக்கவேண்டும். இறங்கியிருந்தால் கீறியிருக்கவேண்டும். கையால் பிடித்து நிறுத்தியிருக்கலாம்; சுழலும் தட்டில் கை வைப்பவர் அல்லர் அவர்.

அப்படியானால் யாரோ காற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

குழாயின் நுனியை விளக்கருகே கொண்டுபோனார். குப்பியின் இணைப்பில் செருகும் முனை அது. விளிம்பிலிருந்து சற்று உள்ளே, ரப்பரின் மேற்புறம் ஒரு வளைவு. கீழ்ப்புறம் ஒரு வளைவு. ஆழமாகப் பதிந்த சிறு குழிகள்.

பல்தடம்.

*

அவளிடம் அவர் அதைச் சுருக்கமாகவே சொன்னார். சுருக்கமாகச் சொல்வதையன்றி வேறு மென்மை அவருக்குத் தெரியாது.

"பாட்டு முடிஞ்சதும் மோட்டாரை நிறுத்தியிருக்கார். தட்டு இன்னும் சுத்திட்டு இருக்கு. பம்ப் சவ்வு கிழிஞ்சுது. சீசாவுல இருக்கற காத்து கொஞ்ச நேரம்தான் தாங்கும். மூச்சு மிஷினைப் போட்டுக்க அவர் திரும்பிப் போகல. இந்தக் குழாயைப் பிடுங்கி வாயில வெச்சு ஊதியிருக்கார். தட்டு நிக்கற வரைக்கும்."

அவள் குழாயை வாங்கிப் பார்த்தாள். விரலால் பல்தடத்தைத் தடவினாள்.

"நான் கேட்ட சத்தம்..."

"மூச்சு ஓரத்துல கசிஞ்சிருக்கும். உதடு சரியா பிடிக்காம."

"என்னைப் பார்த்து இல்லையா அது?"

"உங்களைப் பத்தி நினைக்க அவருக்கு நேரமிருந்திருக்காது."

கொடிய வாக்கியம்தான். ஆனால் இத்தனை மாதங்களில் அவளுக்குக் கிடைத்த முதல் ஆறுதலும் அதுவே. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "அப்போ மிஷினை ஆஃப் பண்ணது நான் இல்ல," என்றாள். பிறகு, வேறு யாருக்கோ எடுத்துச் சொல்பவள்போல, "நான் இல்ல," என்றாள்.

"அண்ணன்கிட்ட இதைச் சொல்வீங்களா சார்?"

"பார்த்ததைச் சொல்வேன்."

ஒன்றை மட்டும் அவர் அவளிடம் சொல்லவில்லை. திடமான நுரையீரல் உள்ள ஒருவன் முழுமூச்சாக ஊதினாலும் அந்தத் தட்டு மயிரிழை எழும்பாது. பெரியவருக்கோ விளக்கை ஊதி அணைக்கவும் மூச்சில்லை.

ஆனால் கீறலும் இல்லை.

*

எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது திரைகளின் ஓரத்தில் இருந்த வெளிச்சக் கோடு மறைந்திருந்தது. ரசமட்டத்தைத் தட்டின் நடுவில் வைத்து, பீடத்தின் திருகுகளைத் திருப்பிக் குமிழியை நிறுத்தினார். கருவியை எடுத்து, பக்கத்தில் கம்பளித் துணிமேல் வைத்தார்.

காற்று முன்னே. பின்னறையில் பம்ப் உறும ஆரம்பித்தது. சுவருக்கு இப்பால் அது ஒரு தேனீயின் அளவுக்கே கேட்டது. தட்டு ஓசையின்றி எழுந்தது. எழுந்ததைக் கண் காணாது. விரல் நுனியால் தொட்டால், கனம் திடீரென்று எங்கோ போய்விட்டிருக்கும்.

சுற்று பின்னே. மகள் ஓர் இசைத்தட்டை எடுத்துக் கொடுத்தாள். தனி வயலின். ஊசி இறங்கியது. கருப்புத் தட்டிலிருந்து எழுந்த ஒலியில் இரைச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. ரசமட்டம் குறை தேடினார். கிடைக்கவில்லை. அது அவருக்குச் சிறிது ஏமாற்றமாகவும் இருந்தது.

பக்கம் முடிந்தது. ஊசியைத் தூக்கினார். மோட்டாரை நிறுத்தினார். தட்டு தன் போக்கில் சுழன்றுகொண்டிருந்தது.

அப்போது தேனீ நின்றது.

"பம்ப் ரொம்ப சூடா இருந்தது," என்று பின்னறையிலிருந்து கணவனின் குரல் வந்தது. "அதான் ஆஃப் பண்ணிட்டேன்."

ரசமட்டம் பாய்ந்தார். பாய்ந்து பயனில்லை என்பது பாதி வழியிலேயே தெரிந்தது. சீசா காலியாகும். தட்டு இறங்கும். உலோகம் உலோகத்தைக் கீறும் அந்த அலறலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அலறல் வரவில்லை.

தட்டு சுழன்றது.

சீசா எப்போதோ காலியாகியிருக்கவேண்டும்.

தட்டு சுழன்றது.

அவர் குழாயைப் பார்த்தார். சுவரிலிருந்து பீடம்வரை நீண்ட அந்தக் கருப்பு ரப்பர், மெல்லப் பருத்தது. மெல்லத் தளர்ந்தது. மீண்டும் பருத்தது. நடுவிலிருந்த குப்பியில் நீல மணிகள் ஒவ்வொன்றாக வெளிறிச் சிவந்துகொண்டிருந்தன.

ச்சு.

குழாயின் நுனி இணைப்பில் பிடிப்பில்லாமல் கசிந்தது. கொஞ்சம் விட்டு மீண்டும்.

ச்சு.

"அதே சத்தம்," என்று கிசுகிசுத்தாள் மகள். "அன்னிக்குக் கேட்டது."

ரசமட்டம் பதில் சொல்ல மூச்சை இழுத்தார். பாதிதான் வந்தது. இன்னொரு முறை இழுத்தார். இன்னும் குறைவு. மார்புக்குள் யாரோ ஒரு குழாயைச் செருகி, தம் தேவைக்கு எடுத்துக்கொள்வதுபோலிருந்தது. கணவன் வாசலுக்கு வந்தான்; ஏதோ சொல்ல வாய் திறந்தான்; நிலைப்படியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். மீன்போல் வாயைத் திறந்து மூடினான்.

பருத்தது. தளர்ந்தது.

தட்டின் வேகம் குறையவேயில்லை.

மகள் கட்டிலைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். அவள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. ஒவ்வோர் அடியாகக் கல்லை நோக்கி நடந்து, கையை நீட்டினாள்.

"கை... வைக்காதீங்க," என்றார் ரசமட்டம்.

மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர், மிச்சமிருந்த மூச்சை அந்தச் சொற்களுக்குத்தான் செலவிட்டார்.

அவள் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுவந்த ஒன்றை அன்று கேட்கவில்லை. சுழலும் தட்டின்மேல் உள்ளங்கையை முழுதாகப் பதித்து அழுத்தினாள்.

"போதும்பா. நான் நிறுத்திக்கறேன். நீங்க மூச்சு விடுங்க."

தட்டு அவள் கையை இழுத்தது. அவள் தோள் திரும்பியது, விடவில்லை. இழுப்பு தளர்ந்தது. இன்னும் தளர்ந்தது.

நின்றது.

குழாய் இணைப்பிலிருந்து தானே கழன்று விழுந்தது. அதன் வாயிலிருந்து நீண்ட, ஈரமான, இளஞ்சூடான ஒரு மூச்சு வெளிவந்தது, மருந்து வாசனையோடு வந்தது, முடிவதற்கு நேரமாயிற்று. தட்டு பீடத்தின்மேல் அமர்ந்தது.

மூவருக்கும் காற்று திரும்பக் கிடைத்தது. கணவன் இருமினான்.

ச்சு.

ஒன்று. மிகத் தெளிவாக. குழாய் தரையில் கிடக்க, தட்டின் மேலிருந்து.

"கை வெச்சுட்டேன்ல," என்றாள் மகள், திரும்பாமலே. "பிடிக்கல."

சற்றுநேரம் எந்த ஒலியும் இல்லை. பிறகு, இரண்டாவது.

ச்சு... நீண்டு, தேய்ந்து.

கனத்த தட்டு படியும் ஒலியாகவும் இருக்கலாம். ரசமட்டம் உறுதி சொல்லமாட்டார். ஆனால் மகள் தட்டின்மேல் வைத்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை.

*

மறுநாள் காலை ரசமட்டம் சொன்னபடி வந்தார். பல்தடத்தைக் காட்டினார், பார்த்ததைச் சொன்னார், கேட்டதைச் சொல்லவில்லை. அண்ணன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தங்கையின் முகத்தைப் பார்க்க அவனால் இயலவில்லை. ஆகையால் தட்டைப் பார்த்தான். மெருகின்மேல் ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு தடம் இருந்தது.

"இதுல கை வெச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் அவள். "துடைக்க வேண்டாம். அப்படியே எடுத்துட்டுப் போ."

அண்ணன் ஒரு 'ச்சு' கொட்டினான். அது அவன் நாக்குத்தான், அதில் ஐயமில்லை.

அன்று மாலை, தம் பட்டறையில், ரசமட்டம் பையைக் காலி செய்தார். கண்ணாடியைத் துடைத்து உரிய கொக்கியில் மாட்டினார், அது மங்கவில்லை. கம்பளித் துணியைப் பிரித்து, கருவியை மேசைமேல் வைத்தார். அந்த மேசையைச் செய்தவர் அவரே. அந்த நகரத்தில் சாயாத மேசை அது ஒன்றுதான் என்பது அவர் கருத்து.

குமிழி நடுக்கோட்டில் நின்றது.

பிறகு நகர்ந்தது.

ஒரு நெல்மணி அளவு இடப்புறம் போயிற்று, தயங்கிற்று, திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. மேசை அசையவில்லை. தெருவில் வண்டி ஏதும் போகவில்லை. நோயாளி ஒருவர் மிகுந்த பொறுமையோடு இழுத்துவிடும் மூச்சின் அளவில், கண்ணாடிக் குழலுக்குள் அடைபட்ட அந்தச் சிறு காற்று பருத்தும் சுருங்கியும் போய்வந்துகொண்டிருந்தது.

அவர் மேசையின் காலடியில் ஒரு தாளை மடித்துச் செருகினார். வாழ்நாளில் எவர் வீட்டிலும் அவர் மன்னிக்காத செயல் அது. குனிந்தவர் நிமிர்வதற்குள், தலைக்கு மேலே, மேசையிலிருந்து கேட்டது.

ச்சு.

ஒன்று.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டாவதற்காகக் காத்திருந்தார்.